இரும்பு விலைக்கு வாங்கிய கார்

பழைய கார் ஒன்றை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, மூன்றாண்டு காலம் அதனுடன் மல்லுக்கட்டிய ஒருவனின் கதை குடும்பப் பத்திரிகைக்கு எதற்கு என்று வாசகர்கள் எண்ணக்கூடும். என் துணைவியாரும் அதையேதான் கேட்டார். "எழுதுவதானால் இரும்பு விலை சொன்னதையும் மறைக்காமல் எழுதுங்கள்" என்று ஒரு நிபந்தனையும் விதித்தார். ஆகவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

விழுப்புரத்தில் பேருந்துப் பணிமனை ஒன்றில் பண்டகக் காப்பாளனாக முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எந்தப் பேரிங்குக்கு என்ன எண், எந்த ரேக்கில் எத்தனை இருப்பு என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் கையில் கிரீஸ் படிய ஒரு நட்டைக் கழற்றியவன் அல்லன். உதிரிப் பாகங்களைக் கண்ணாலும் கணக்காலும் மட்டுமே அறிந்த அந்தக் குறை, ஓய்வுக்குப் பின்னர் என்னை உறுத்தத் தொடங்கிற்று.

2022-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாம் வாரம், ஒரு நண்பரின் வீட்டுத் திருமணத்திற்காகத் திண்டிவனம் சென்றிருந்தேன். பந்திக்கு நேரமிருந்ததால் பக்கத்துத் தெருவில் நடந்தபோது, ஓடு சரிந்த ஒரு கொட்டகைக்குள் கோழிகள் அடையும் இடமாக நின்றிருந்தது அந்த வண்டி. முகப்பைக் கண்டதுமே அடையாளம் தெரிந்துவிட்டது. 1966-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு வண்டி.

இளைய தலைமுறையினருக்கு ஹெரால்டு என்றால் தெரியாது. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. சாலையின் ஓரமாக ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்தில் டிரையம்ஃப் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட ஹெரால்டு காரை 1961 முதல் இங்கே கட்டினார்கள். அம்பாசிடரும் ஃபியட்டும் குடும்பஸ்தர்கள் போல நடமாடிய சாலையில் இது மிடுக்கான மாப்பிள்ளை போல வந்தது. உருவம் தந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். இதே வண்டியின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை டிரையம்ஃப் நிறுவனத்தார் செய்தார்கள். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடின. என் இளமையில் அந்தப் பந்தயப் படங்களைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி டிரங்குப் பெட்டியின் மூடியில் ஒட்டி வைத்திருந்தேன். பின்னர் அந்நிறுவனம் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டு வந்தது. பெட்ரோலை அது குடித்த குடியில் வாங்குவார் இல்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. அந்த நிலத்தில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பி நிற்கின்றன.

வண்டிக்கு உரியவர் ஒரு டாக்டரின் மனைவி. எண்பதைத் தொடும் வயது. டாக்டர் 2004-இல் மறைந்த பின்னர் வண்டியை யாரும் எடுக்கவில்லை. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அடிச்சட்டத்தின் பக்கக் கரங்கள் துருப்பிடித்து, விரலால் அழுத்தினால் பப்படம் போல் நொறுங்கின. ஒயர்களை எலி தின்றிருந்தது. எஞ்சின் இறுகிக் கிடந்தது. பண்டகக் காப்பாளனின் புத்தி உடனே கணக்குப் போட்டது. எடை ஏறக்குறைய 800 கிலோ, கிலோ 28 ரூபாய், ஆக 22,400.

"அம்மா, இதற்கு இரும்பு விலைதான் பெறும். 22,000 தருகிறேன். நான் உடைக்க மாட்டேன், ஓட வைப்பேன்" என்றேன்.

அந்த அம்மையார் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி பாய், எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார்.

ஓடும் நிலையில் உள்ள ஒரு ஹெரால்டு சில லட்சங்களுக்குக் கைமாறுகிறது என்பது எனக்கு அன்றே தெரியும். சொல்லவில்லை. வாய் திறந்து பொய் எதுவும் கூறவில்லையே என்று நானே எனக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

லாரியில் ஏற்றி விழுப்புரம் கொண்டு வந்து பக்கவாட்டுக் கொட்டகையில் இறக்கியபோது, துணைவியார் வாசற்படியில் நின்று பார்த்தார். அந்த ஆண்டு மாடித்தளத்தின் ஒழுக்கை அடைப்பதாக அவருக்கு வாக்களித்திருந்தேன். தட்டோடு பதித்து மேற்பூச்சுச் செய்ய ஒன்றேகால் லட்சம் ஆகும் என்று கொத்தனார் கூறியிருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. அது எனக்கு நல்லதாகப் படவில்லை.

எங்கள் பணிமனையில் என்னுடன் ஓய்வு பெற்ற மேஸ்திரி ஒருவர் தெருக்கோடியில் வசிக்கிறார். அவர்தான் என் ஆசான். முதல் நாள் அவர் வந்து ஹெரால்டின் முகப்பைத் தூக்கிய காட்சியை நான் மறக்க மாட்டேன். மற்றக் கார்களில் மூடி மட்டுமே திறக்கும். இதிலோ மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்த முன்பகுதி முழுவதும் ஒரே துண்டாக முன்புறம் கவிழும். மேஸ்திரி முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, திண்ணையில் அமர்ந்தவர் போல எஞ்சினைத் தடவிப் பார்த்தார். "பாய், இதைச் செய்தவன் மெக்கானிக்கின் முதுகுவலி தெரிந்தவன்" என்றார்.

இறுகிய எஞ்சினை வலுவாகத் திருப்பியிருந்தால் ஏதாவது முறிந்திருக்கும். பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளில் டீசலும் பிரேக் ஆயிலும் சம அளவில் கலந்து ஊற்றினோம். தினமும் பஜ்ர் தொழுதுவிட்டு வந்து அளவு பார்ப்பேன், குறைந்திருந்தால் நிரப்புவேன். பதினொன்றாம் நாள் நீண்ட கம்பியை மாட்டி மெல்ல அசைத்தோம். சுண்டுவிரல் அகலம் நகர்ந்தது. அந்தச் சுண்டுவிரல் அகலத்திற்காக மேஸ்திரியும் நானும் இரண்டு முறை தேநீர் குடித்தோம்.

ஸ்பேனர் தேடியதே ஒரு கதை. அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டியாதலால் நட்டு எல்லாம் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் நட்டின் முனை உருண்டுவிடும். சென்னை புதுப்பேட்டைக்குச் சென்று பழைய அங்குல ஸ்பேனர்களை எடைக்கு வாங்கி வந்தேன். அங்கேயே ஒரு கடையின் பரணிலிருந்து பிஸ்டன்களும் கிடைத்தன. இதன் 948 சி.சி. எஞ்சின், முன்னர் வந்த ஸ்டாண்டர்டு டென் காரின் எஞ்சினுக்கு உடன்பிறப்பு. ஆகவே அந்தப் பெயரைச் சொல்லியும் கேட்க வேண்டும். ஹெரால்டு என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்பார்கள்.

முன்சக்கரம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரன்னியன் எனப்படும் ஓர் உலோகக் கூட்டுக்குள் திருகினாற்போல் அமர்ந்து, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அதற்குள் சுழலும். அதற்குக் கியர் ஆயில்தான் ஊட்ட வேண்டும். ஆனால் பலரும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளே காய்ந்து கட்டியாகி, ஈரம் புகுந்து மரை அரித்து, ஒரு நாள் தண்டு முறியும். ஓடும் வண்டியின் சக்கரம் அப்படியே உள்வாக்கில் மடங்கிவிடும். எங்கள் வண்டியின் இடப்பக்கத்தைக் கழற்றியபோது உள்ளே மெழுகு போல் இறுகிய பழைய கிரீஸ் இருந்தது. தண்டில் மயிரிழை போல ஒரு கீறல். டாக்டர் இதிலா இரவு பகலாக நோயாளிகளைப் பார்க்கப் போனார் என்று நினைத்தபோது கை நடுங்கிற்று. ஸ்பிட்ஃபயர் கார் இங்கிலாந்தில் 1980 வரை உற்பத்தியில் இருந்ததால், அந்த உறுப்புகளை இன்றும் அங்கே புதிதாகச் செய்து விற்கிறார்கள். லெஸ்டர் நகரில் பணிபுரியும் என் சகோதரியின் மகன், விடுமுறையில் வரும்போது இரண்டு பக்கத்துக்கும் வாங்கி வந்தார். உம்மாவுக்குக் கொண்டு வந்த சாக்லேட்டைவிட மாமாவுக்குக் கொண்டு வந்த இரும்புதான் கனம் என்று வீட்டில் கேலி செய்தார்கள்.

என் அவசரத்தால் விளைந்த பிழை ஒன்றும் உண்டு. அடிச்சட்டத்தின் பக்கக் கரங்களை வெட்டிப் புதியவற்றைப் பற்றவைத்தபோது, கதவுகளை மாட்டி இடைவெளி பார்த்த பிறகே வெல்டிங் செய்ய வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் ஊருக்குப் போயிருந்த இரண்டு நாளில், வெல்டர் கிடைத்துவிட்டாரே என்று கதவில்லாமலேயே வேலையை முடித்துவிட்டேன். பிறகு கதவை மாட்டினால் மேலே ஒட்டியது, கீழே கட்டைவிரல் நுழைந்தது. வெட்டி எடுத்து மறுபடி செய்ய 14,000 ரூபாய். துணைவியாரிடம் 4,000 என்றேன். அவர் நம்பவில்லை.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டிய இரவு அது. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வண்டி கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்ததால் தப்பியது. போர் போட்டு முடித்த எஞ்சின் கூடத்தில் இருந்தது. மின்சாரம் இல்லை. மாடித்தளம் ஏழு இடங்களில் ஒழுகிற்று. குண்டான், வாளி, பிரியாணிச் சட்டி என்று வீட்டிலிருந்த பாத்திரமெல்லாம் தரையில். நள்ளிரவில் டார்ச்சு அடித்துப் பார்த்தேன். துணைவியார் தம் நிக்காஹ் சீராக வந்த கம்பளியைப் பிளாஸ்டிக் விரிப்புக்குள் வைத்து எஞ்சினின் மேல் போர்த்திக்கொண்டிருந்தார். "மூன்று லட்சம் செலவு செய்த மாதிரி இருக்கிறது, நனைந்தால் என்ன ஆவது" என்றார். அப்போது ஆகியிருந்தது ஒரு லட்சத்து அறுபதாயிரம்தான். ஆனால் அந்த இடத்தில் கணக்குப் பேச எனக்கு வாய் வரவில்லை.

2025 பிப்ரவரியில் எஞ்சின் உயிர் பெற்றது. முதல் முயற்சியில் வேட்டு மட்டுமே வந்தது. நெருப்பு ஏறும் வரிசை 1, 3, 4, 2. நான் ஒயர்களை 1, 2, 3, 4 என்று பள்ளிக்கூட வரிசையில் மாட்டியிருந்தேன். திருத்தியதும் பிடித்துக்கொண்டது. தெருப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மொத்தச் செலவு, வாங்கிய விலை நீங்கலாக, 1,86,000 ரூபாய். பெயர் மாற்றத்துக்கும், காலாவதியான பதிவைப் புதுப்பிப்பதற்கும் நடந்த நடை தனி.

அதன்பின் புதுச்சேரியிலிருந்து ஒருவர் வந்தார். நான்கரை லட்சம் தருவதாகக் கூறினார். தம் விடுதியின் முகப்பில் விருந்தினர் படம் எடுத்துக்கொள்வதற்காக நிறுத்தப் போவதாகச் சொன்னார். அன்றிரவு நான் காகிதத்தில் கணக்கெழுதினேன். ஆதாயம் 2,42,000. மாடித்தளமும் முடியும், கையிலும் மிஞ்சும்.

துணைவியார் காகிதத்தைப் பார்த்தார். "அந்த அம்மாவிடம் இரும்பு விலை என்றுதானே சொன்னீர்கள்?" என்றார். "விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் பாதியை அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்த பிறகு தளத்தைப் போடுங்கள். அந்தப் பணம் முழுவதும் என் தலைக்கு மேல் கூரையாக வேண்டாம்."

மறுநாள் இருவரும் ஹெரால்டிலேயே புறப்பட்டோம். விக்கிரவாண்டிச் சுங்கச் சாவடியில், 1966-ஆம் ஆண்டு வண்டியின் கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஒட்டியிருப்பதைக் கண்டு பணியாளர் சிரித்தார். ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நான் போகவில்லை.

திண்டிவனத்தில் அந்த அம்மையார் வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தார். தொடவில்லை. கதவு சாத்தும் சத்தத்தை மட்டும் இன்னொரு முறை கேட்க வேண்டும் என்றார். சாத்திக் காட்டினேன்.

உள்ளே அமர்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். விலை தெரிந்தே மறைத்ததையும் சொன்னேன். பாதி ஆதாயம் அவருடையது என்றேன்.

அவர் வியப்படையவில்லை. "பாய், நீங்கள் வருவதற்கு முந்தின வாரம் பழைய இரும்புக்காரர் 30,000 கேட்டார். நீங்கள் 22,000 சொன்னீர்கள். ஓட வைப்பேன் என்றீர்கள். அந்த 8,000 அந்தச் சொல்லுக்காக நான் விட்டது" என்றார். பிறகு, "விடுதியில் நிறுத்தினால் ஓடுமா?" என்று கேட்டார்.

"ஓடாது அம்மா."

"அப்படியானால் எனக்குப் பாதியெல்லாம் வேண்டாம். அந்த 8,000-ஐ மட்டும் கொடுத்துவிட்டு விற்றுக்கொள்ளுங்கள்."

என் சட்டைப் பையில் பத்தாயிரம் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை. துணைவியார் என் முகத்தைப் பார்க்காமல், அந்த அம்மையாரிடம் முழங்கால் வலிக்கு என்ன தைலம் தேய்க்கிறீர்கள் என்று பேச்சை மாற்றிவிட்டார்.

புதுச்சேரிக்காரருக்கு இல்லையென்று சொல்லிவிட்டேன். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021 முதல் விதி வந்திருக்கிறது. அப்படிச் செய்தால் அன்றாடம் ஓட்ட இயலாது. ஆகவே சாதாரணப் பதிவையே அப்போதிருந்த 5,000 ரூபாய் கட்டணத்தில் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். மாடித்தளத்துக்கு லெஸ்டர் மருமகன் வட்டியில்லாக் கைமாற்றாக ஒரு லட்சம் அனுப்பினார். மாதம் 5,000 வீதம் திருப்பிக்கொண்டிருக்கிறேன். ஆகஸ்டில் வேலை முடிந்தது. கூடத்து மூலையில் மட்டும் இன்னும் ஒரு சொட்டு விழுகிறது. கொத்தனார் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வண்டியில் கிளட்ச் சற்று வழுக்குகிறது. மேஸ்திரி பிளேட்டை மாற்றச் சொல்கிறார். அடுத்த மாதம் திண்டிவனம் கண் மருத்துவரிடம் அந்த அம்மையாரை அழைத்துப் போக வேண்டியிருப்பதால், அதற்குள் பார்த்துவிட வேண்டும்.