கான்பூரில் பெருமை இருக்கு, பத்திரம்தான் இல்லை

கான்பூரில் வேலை என்று சொன்னால் நம்ம ஆட்கள் வரிசையாக மூன்று கேள்வி கேட்பார்கள். "ஐஐடி பக்கமா சார்?", "தோல் வாடை அடிக்குமாமே?", "எப்ப டிரான்ஸ்ஃபர்?". ஐஐடி ஊருக்கு வெளியே கல்யாண்பூரில் இருக்கிறது. தோல் பதனிடுவதெல்லாம் கிழக்கே ஜாஜ்மௌ பக்கம். மூன்றாவது கேள்விக்கான பதில் என் தங்கமணிக்கே தெரியாது. மேலே இருப்பவர்களுக்குத்தான் வெளிச்சம் :-)

நான் உட்கார்ந்து வேலை பார்ப்பது இந்த இரண்டுக்கும் நடுவில், பழைய கான்பூரில். மால் ரோடு, பரேட், நவீன் மார்க்கெட், படா சௌராஹா என்று ஊரின் நடு மையம். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் டவுன்ஹால் ஏரியா மாதிரி. இந்த நடு ஊரை என்ன செய்வது என்பதுதான் எங்கள் கிளையில் மதியச் சாப்பாட்டு நேரத்துப் பட்டிமன்றம். நடுவர் கிடையாது, தீர்ப்பும் கிடையாது.

கொஞ்சம் பின்கதை. 1859இல் அலகாபாத்திலிருந்து கான்பூருக்கு ரயில் வந்தது. 1864இல் எல்ஜின் மில், 1874இல் மியூர் மில், 1876இல் கம்பளி நெய்யும் லால் இம்லி. மில் வளாகத்தில் நின்ற புளிய மரத்தால் வந்த பெயராம், லால் இம்லி என்றால் சிவப்புப் புளி. படையினருக்குக் கம்பளி, கூடாரம், சேணம், பூட்ஸ் என்று ஆங்கிலேய ராணுவத்துக்கு வேண்டிய பாதிச் சாமான் இங்கேதான் தயாரானது. 'கிழக்கின் மான்செஸ்டர்' என்று பெயர் வாங்கினார்கள். அகமதாபாத்தும் ஒரு மான்செஸ்டர், எங்கள் கோயம்புத்தூரும் ஒரு மான்செஸ்டர். இத்தனைக்கும் அசல் மான்செஸ்டரிலேயே மில்கள் எப்போதோ மூடியாயிற்று. பட்டத்தை மட்டும் நாம் விடுவதாயில்லை.

அப்புறம் நடந்தது எல்லா மில் ஊருக்கும் பொதுவான கதை. எந்திரங்களுக்கு வயசாயிற்று. விசைத்தறி மலிவாகத் துணி கொடுத்தது. நஷ்டப்பட்ட மில்களை அரசு எடுத்துக்கொண்டது, ஆனால் எடுத்தது வேலையைக் காப்பாற்றத்தான். புது எந்திரத்துக்குப் போதுமான பணம் வரவில்லை. கம்பளம் இல்லை, கூலி இல்லை, கடைசியில் சங்கும் இல்லை. நம்ம ஊர் மில் 'சங்கு' இருக்கிறதே, அதற்கு இங்கே 'போம்பூ' என்று பெயர். அதை வைத்துத்தான் வீட்டில் உலை வைப்பார்களாம். நான் சிங்காநல்லூர் பக்கம் வளர்ந்தவன், எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மிச்சம் இருப்பது செங்கல் மதில்கள். ஊர் நடுவில், ஏக்கர் கணக்கில், உள்ளே ஆலமரமும் குரங்கும். அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் மதிலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

பட்டிமன்றத்துக்கு வருவோம். ஒரு பக்கம் எங்கள் ஹெட் கேஷியர். ஓய்வுபெற மூன்று வருஷம் இருக்கிறது. அவருடைய அப்பா ஒரு மில்லில் ஃபிட்டர். நான் அவரை 'பாய்சாப்' என்பேன், அவர் என்னை 'மேனேஜர் சாஹப்' என்பார், நல்ல மூடில் இருந்தால் 'அண்ணா'. அவர் கட்சி: மில்லைத் திறக்க வேண்டும், அதுதான் கான்பூரின் மானம். எதிர்க்கட்சி புதிதாக வந்த பிஓ பெண். வயசு இருபத்தைந்து, சொந்த ஊர் நோய்டா. "அங்கிள், இடித்துவிட்டு மால், ஆபீஸ், ஃபிளாட் கட்டுங்கள். வேலை தானாக வரும்" என்பாள். 'அங்கிள்' என்றதும் பாய்சாபுக்குப் பாதிக் கோபம் அதிலேயே வந்துவிடும்.

நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்பேன். எனக்கு இரண்டு பக்கமும் முழுசாக ஒப்பவில்லை. காரணம், மும்பையில் லோயர் பரேலில் நான்கு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன்.

மும்பையில் 1991இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். மில் நிலத்தை விற்றால் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, ஒரு பங்கு வீட்டுவசதி வாரியத்துக்கு, மீதி ஒரு பங்கு முதலாளிக்கு. கேட்க நன்றாக இருக்கிறதா? 2001இல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டும்தான் இந்தப் பங்கீடு என்று ஆக்கினார்கள். மில் என்றால் நிலம் முழுக்கக் கொட்டகைதானே? பொதுப் பங்கு சுருங்கிப் போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2006இல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பு. இதற்கிடையே 2005இல் மும்பை டெக்ஸ்டைல் மில் நிலம் மட்டும் 702 கோடிக்கு ஏலம் போனது. இன்று லோயர் பரேலில் கண்ணாடிக் கட்டடங்கள் இருக்கின்றன, வேலையும் இருக்கிறது. ஆனால் ரயில் நிலையப் படிக்கட்டில் காலை ஒன்பது மணிக்கு இறங்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், பூங்காவுக்கும் ரோட்டுக்கும் போக வேண்டிய அந்த ஒரு பங்கு எங்கே போனது என்று.

ஆகவே பிஓ பெண்ணுக்கு என் பதில்: மால் வரட்டும், தப்பில்லை. முதலில் மதிலை உடைத்து இரண்டு ரோடு போடுங்கள். கட்டடம் பிறகு. ரோடு போடாமல் கட்டினால் நெரிசலைத்தான் கட்டுவோம்.

பாய்சாபுக்கு என் பதில்: 1876 மாதிரி மில்லை யாரும் திறக்க முடியாது. கோவையிலேயே தேசிய பஞ்சாலைக் கழக மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றதோடு சரி. கோவை தப்பித்தது மில்லால் மட்டும் இல்லை. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் மோட்டார், பம்ப்செட், ஃபவுண்டரி, மில் எந்திரம் என்று ஆயிரம் சின்னப் பட்டறைகள் முளைத்தன. மில் சாய்ந்தபோது பட்டறை தாங்கியது. கான்பூரிலும் சின்னத் தொழில்கள் இல்லாமல் இல்லை. சேணத் தொழிலுக்குப் புவிசார் குறியீடே உண்டு. தோல், ஹோசியரி, பிளாஸ்டிக், சோப்புத்தூள் எல்லாம் ஓடுகின்றன. ஆனால் மானம் மட்டும் மில்லில்தான் இருக்கிறது என்று நினைக்கிறார்கள்.

"மானம் சோறு போடுமா?" என்று பிஓ பெண் கேட்டாள் ஒரு நாள். பாய்சாப் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று மதியம் கேஷ் கவுண்டர் பக்கம் யாரும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

கான்பூர்க்காரர்களின் பெருமை கொஞ்சம் விசித்திரமானது. தன் ஊரைத் தானே கிண்டல் செய்வார்கள், வெளியூர்க்காரன் செய்தால் அடிக்க வருவார்கள். இங்கே பேர்போன லட்டுக் கடை ஒன்றின் விளம்பரமே, 'நாங்கள் ஏமாற்றாத சொந்தக்காரனே கிடையாது' என்பதுதான். கடையின் பெயரே 'டக்கூ கே லட்டூ', அதாவது ஏமாற்றுக்காரன் லட்டு. கூட்டம் குறைவதே இல்லை.

2018இல் உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் காற்று மாசில் கான்பூர் உலகிலேயே முதலிடம். அதே 2018இல் கங்கையில் ஒரு நாளைக்கு 14 கோடி லிட்டர் கழிவைக் கொட்டிக்கொண்டிருந்த சீசாமௌ நாலாவை அடைத்துத் திருப்பினார்கள். சாக்கடை வாய் இருந்த இடத்தில் ஜனங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். சிரிக்க வேண்டாம். வெட்கப்பட்ட இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதும் ஊர்ப் பெருமையில் ஒரு வகைதான்.

மெட்ரோவும் அப்படித்தான். 2021 டிசம்பரில் ஐஐடியிலிருந்து மோதிஜீல் வரை ஓட ஆரம்பித்து, 2025 மே மாதம் பூமிக்கடியில் நவீன் மார்க்கெட், படா சௌராஹா வழியாக சென்ட்ரல் ஸ்டேஷன் வரை வந்துவிட்டது. மேலே ரோட்டில் சாவகாசமாகப் பான் மசாலாவைத் துப்புகிற மனுஷன், எஸ்கலேட்டரில் கால் வைத்ததும் வாயை மூடிக்கொள்வதைத் தினமும் பார்க்கிறேன். பெரும்பாலும் மூடிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் அதே ஆள்தான். இடத்தை ஒருவர் பராமரிக்கிறார் என்று தெரிந்தால் நமக்கும் ஒரு கூச்சம் வருகிறது.

நமக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். 1925 டிசம்பரில் இந்தியக் கம்யூனிஸ்டுகளின் முதல் மாநாடு நடந்தது இந்தக் கான்பூரில்தான், தலைமை வகித்தவர் சென்னையின் சிங்காரவேலர். சென்னையில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த கேப்டன் லட்சுமி, கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே தங்கி, வயதான காலத்திலும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து, 2012இல் இங்கேயே காலமானார். இதைச் சொன்னதும் பிளஸ் டூ படிக்கும் என் மகள், "அப்பா, அவங்க கான்பூர்க்காரங்க. நானும்தான்" என்றாள். தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். டிரான்ஸ்ஃபர் வந்தால் வீட்டில் தனிப் பட்டிமன்றம் நிச்சயம்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். நடு ஊர் ஏன் இப்படி இடிந்து கிடக்கிறது என்பதற்கு அரசியல்வாதி ஒரு காரணம் சொல்வார், இன்ஜினியர் ஒரு காரணம் சொல்வார். கடன் கொடுக்கிற மேஜையில் உட்கார்ந்தவனுக்குத் தெரிவது வேறு. இங்கே பத்திரம் தெளிவில்லை. மையப் பகுதியில் நிறைய இடம் 'நஸூல்' நிலம், அதாவது அரசுக்குச் சொந்தமாகி, எப்போதோ குத்தகைக்கு விட்டது. குத்தகை முடிந்த இடம், புதுப்பிக்காத இடம், வழக்கில் இருக்கிற இடம் என்று ஏகப்பட்ட ரகம். 2024இல் இது பற்றிய மசோதா சட்டசபையில் நிறைவேறி, மேலவையில் தெரிவுக்குழுவுக்குப் போனது. சொந்த நிலமாக இருந்தாலோ நாலு தலைமுறை வாரிசு. உள்ளே 1972 வாடகைச் சட்டத்துக் காலத்து வாடகைதாரர், கொடுப்பது டீச் செலவு. 2021இல் புதுச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் பழைய ஆளைக் கிளப்புவது லேசா? பத்திரம் இல்லையென்றால் வங்கிக் கடன் இல்லை. கடன் இல்லையென்றால் மராமத்து இல்லை. பால்கனி ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விழும். வீட்டுக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பார்.

பாய்சாபின் வீடும் அந்த ரகம்தான். குவால்டோலியில் தாத்தா வாங்கியது. நல்லவேளையாக நஸூல் இல்லை. ஆனால் மூலப்பத்திரம் உருதுவில், வாரிசு நாலு பேர், கீழே ஒரு வாடகைதாரர். பையன் நோய்டாவில் கம்ப்யூட்டர் வேலை. "வித்துட்டு வாங்க பாபா" என்கிறான். ஒரு பில்டர் ரொக்கமாகத் தருகிறேன் என்று கேட்ட விலை, மார்க்கெட் விலையில் பாதி.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கவுண்டர் மூடிய பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். "அண்ணா, மால் வேணுமா மில் வேணுமா என்பதை விடுங்கள். என் வீட்டை என்ன செய்ய?"

பி.காம் படித்தவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பேப்பரில் நடுவே கோடு கிழித்தேன். விற்றால் வருவது, நாலாகப் பிரித்தால் கையில் நிற்பது, அதில் நோய்டாவில் என்ன கிடைக்கும். விற்காவிட்டால்: பத்திரத்தை மொழிபெயர்த்து சர்ட்டிஃபை செய்ய வேண்டும், அக்கா தங்கை தம்பியிடம் விடுதலைப் பத்திரம் வாங்கி அவர்களுக்குப் பங்குப் பணம் கொடுக்க வேண்டும், வாடகைதாரருக்கு ஏதாவது கொடுத்துப் பேசி முடிக்க வேண்டும், முனிசிபல் பெயர் மாற்றம் செய்ய வேண்டும். பிறகுதான் கடன். மெட்ரோ வந்துவிட்டதால் மேலே நாலு அறை கட்டினால் வாடகைக்கு ஆள் வரும், தவணை கட்டுமளவுக்கு வரும்.

"ஒரே சிக்கல்" என்றேன். "உங்கள் வயசுக்குக் கடன் காலம் மிகவும் குறைவு. பையன் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால்தான் தவணை தாங்கும்."

அவர் ரொம்ப நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரின் எதிர்காலம் பற்றி இரண்டு வருஷமாக மேஜையைத் தட்டிப் பேசிய மனுஷன், பையனிடம் ஒரு கையெழுத்துக் கேட்கத் தயங்கினார். "அவன் இந்த ஊரை வேண்டாமென்று போனவன். அவனை இந்த ஊருக்குக் கடன்காரனாக்கவா?"

நான் பதில் சொல்லவில்லை. அது மேனேஜர் சொல்ல வேண்டிய பதில் இல்லை.

ஹோலிக்குச் சில நாள் கழித்து இங்கே கங்கா மேளா என்று ஒன்று நடக்கும். 1942இல் ஹட்டியா கடைத்தெருவில் கொடியேற்றிய இளைஞர்களை ஹோலி சமயத்தில் பிடித்துப் போட, ஊரே ரங்கு துடைக்காமல் இருந்து, விடுதலையான நாளில் மறுபடி ஹோலி ஆடியதாகச் சொல்வார்கள். எங்கே இருந்தாலும் கான்பூர்க்காரன் அன்றைக்கு வந்துவிடுவான். பாய்சாபின் பையனும் வந்தான். மறுநாள் காதோரம் பச்சைச் சாயம் போகாமல் கிளைக்கு வந்து, ஆதார், சம்பளச் சீட்டு, ஐ.டி. ரிட்டர்ன் எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்தான். கையெழுத்துப் போடுமுன் என்னிடம் கேட்டான், "சார், நான் திரும்பி வருவேன் என்று இதில் எங்கும் எழுதியில்லையே?"

"இல்லை. தவணை கட்டுவேன் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது."

சிரித்துக்கொண்டே போட்டான். அத்தையில் ஒருவர் இன்னும் விடுதலைப் பத்திரத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் கடன் இன்னும் சாங்ஷன் ஆகவில்லை. ஆனால் பாய்சாப் இப்போது மில் பற்றிக் குறைவாகவும் ஒரு மூட்டை சிமென்ட் என்ன விலை என்று அதிகமாகவும் பேசுகிறார். பிஓ பெண்தான் அவருக்கு அறைகளுக்கு பிளான் வரைந்து கொடுத்தாள், 'அங்கிள்' என்று கூப்பிட்டுக்கொண்டே.

வெளியூரில் இருக்கும் நாம் எல்லாருமே ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள்தான். அது கெட்டுப்போச்சு, இது இடிஞ்சுபோச்சு என்று போனில் புலம்புகிறோம். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். அப்பா வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். சிங்காநல்லூர் வீட்டுக்கு நானும் தம்பியும் போன வருஷம் கூட்டுப் பட்டா வாங்கினோம். தாலுகா ஆபீசுக்கு மூன்று நடை, நிறைய வெயில். முடிந்ததும் தம்பி கேட்டான், "அடுத்து என்ன அண்ணா, வெள்ளையடிச்சிடலாமா?"

உங்க ஊர் நடுவில் பூட்டிக் கிடக்கும் வீடு யாருடையது?