வலது மூலை

சென்ற பெப்ரவரியில் யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, கொம்மாவுக்கு என்னில ஏதும் கோவமோ? மூண்டு கிழமையா வீடியோவில எடுக்கிறன், தூக்கிறாவில்லை. போனில எடுத்தாலும் ரெண்டு வார்த்தையோட வைச்சிடுறா."

சனிக்கிழமைகளில் இங்கே காலை எட்டு மணிக்கு, அங்கே மாலை ஆறரைக்கு, அக்காவும் தங்கையும் முகம் பார்த்துக் கதைப்பார்கள். அப்பா இறந்த கிழமையில்கூட அது தவறவில்லை.

அன்றே ஸ்காபரோவுக்குப் போனேன். அம்மா தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு, வலக்கையில் ஒரு பஞ்சுப் பந்தைப் பிசைந்தபடி இருந்தார். கேட்டபிறகுதான் சொன்னார்.

"விரல் விறைச்சுப் போச்சுது போல. அந்தப் பச்சைப் பொத்தானை அமத்தினா ஒண்டும் நடக்குதில்லை. திருப்பியும் அந்த வருத்தம் வருகுதாக்கும்."

இரண்டு வருடங்களுக்கு முன் அம்மாவுக்கு இலேசான பக்கவாதம் வந்து மாறியிருந்தது.

"ஏன் அம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவாய்."

இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னேன். சிரிக்கச் சொன்னேன். சட்டைப் பொத்தானைப் பூட்டச் சொன்னேன். எல்லாம் ஒழுங்காகச் செய்தார். பிறகு மடிக்கணினியைத் திறந்து, திரையின் வலது கீழ் மூலையில் நானே கிளிக் செய்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. என் விரலும் விறைத்துப் போயிருந்தது!

மான்செஸ்டரில் முதுநிலைப் பட்டம் படித்து, இருபது வருடமாக மற்றவர்களின் கணினிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன் நான். அழைப்புச் சாளரத்தை நடுத்திரைக்கு இழுத்தேன். பொத்தான் வேலை செய்தது. மூலையிலேயே விட்டு டாப், என்டர் விசைகளை அழுத்தினேன். அப்போதும் வேலை செய்தது. ஆகவே மௌஸிலும் பிழையில்லை, அழைப்புச் செயலியிலும் பிழையில்லை. பிழை அந்த இடத்தில். கணினியை மறுபடி தொடக்கியபோது இரண்டு நிமிடம் மூலை உயிரோடிருந்து, பிறகு செத்தது. விண்டோஸோடு சேர்ந்து எழும்பும் ஏதோ ஒன்று அங்கே வந்து உட்காருகிறது.

விண்டோஸில் சாளரங்கள் தாள்களைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கிளிக் மேலே உள்ள தாளுக்கே போகும். மேல்தாள் முற்றிலும் மறைந்துவிட்டால் கிளிக் அதனூடாகக் கீழே இறங்கும்; கண்ணுக்குப் பிடிபடாத அளவு சாயல் மிஞ்சியிருந்தாலும் அதுவே கிளிக்கை விழுங்கிவிடும்.

டாஸ்க் மானேஜரைத் திறந்து, பின்னணியில் ஓடியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். ஐந்தாவதை நிறுத்தியதும் மூலை விழித்தது. அதன் பெயரைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள். தொடங்கும்போது மூலையில் ஒரு சிறு அறிவிப்பைக் காட்டி மங்கும். அண்மையில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டபின், மங்கிய அறிவிப்பு மூடப்படாமல் அங்கேயே கிடந்திருக்கிறது.

அதை நிறுவியவன் நான். 2023 ஜூலை 24 அன்று ஸ்காபரோ ஆர்.டி. ரயிலின் கடைசிப் பெட்டி தடம்புரண்டது. அந்த நவம்பரில் மூடவிருந்த பாதையை அத்தோடேயே மூடிவிட்டார்கள். டவுன்டவுனில் கார் இல்லாமல் இருக்கும் எனக்கு, கென்னடி நிலையத்தில் இறங்கி பஸ்ஸுக்கு நிற்பது அலுப்பாயிருந்தது. அம்மாவின் கணினிக்கு ஏதும் நடந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று போட்டேன். பிறகு மறந்தும் போனேன்.

மென்பொருளை அகற்றினேன். அடுத்த சனிக்கிழமை எட்டு மணிக்கு நான் பக்கத்தில் இருக்க, அம்மா பச்சைப் பொத்தானை அமத்தினார்.

"எனக்கொண்டுமில்லை அக்கா, கம்பியூட்டருக்குத்தான் வருத்தம்" என்றார். பெரியம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

அதை யார் போட்டது என்று அம்மா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இந்த இதழ் அவர் வீட்டுக்கும் தபாலில் போகும். வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.