மாலையில் வீடு திரும்பும் தூரம்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையில் தொரப்பாடி, பாகாயம், அடுக்கம்பாறை ஆகிய ஊர்களைக் கடந்தால் கணியம்பாடி வந்துவிடும். இருமருங்கும் பாறைக் குன்றுகள். அவற்றின் அடியில் நெல்வயல்கள், தென்னந்தோப்புகள். காட்பாடியிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதையில் இவ்வூருக்கும் ஒரு சிறு நிலையம் உண்டு. பார்வைக்கு எளிய ஊர்தான். ஆயினும் உலகின் பல நாட்டு மருத்துவர்களுக்கு இதன் பெயர் தெரியும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறையினர் கணியம்பாடி ஒன்றியத்துச் சிற்றூர்களில் பல பத்தாண்டுகளாக வீடு வீடாகச் சென்று பிறப்பையும் இறப்பையும் நோயையும் பதிவு செய்து வருகின்றனர். அப்பதிவுகளைக் கொண்டு எழுதப்பெற்ற மருத்துவக் கட்டுரைகள் பல.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என் தங்கையின் வீட்டிற்காக அங்கே இறங்கினேன். மணி ஐந்து இருக்கும். வேலூர்ப் பள்ளிகளிலிருந்து மஞ்சள் நிற வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று, பிள்ளைகளை இறக்கிவிட்டுச் சென்றன. தூங்கிய கண்களோடு இறங்கிய ஒரு சிறுமியைப் பாட்டி ஒருத்தி இடுப்பில் தூக்கிக்கொண்டார். இக்காட்சியை ஏன் முதலில் கூறுகிறேன் என்பது பின்னர் விளங்கும்.

தங்கையின் மகள் செவிலியாகப் பணிபுரிபவள். அவளுக்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. கணவர் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் மேற்பார்வையாளர். வாரம் முழுவதும் அங்கே தங்கி, சனி இரவு வீட்டிற்கு வருபவர். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. எங்கே குடியேறுவது, பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதே அவ்வீட்டில் இரவு பகலாக நடந்த பேச்சு.

"மாமா, நீங்கள் ஆசிரியராக இருந்தவர்கள். நீங்களே சொல்லுங்கள்" என்றாள் மருமகள். மேசைமேல் ஒரு காகிதத்தை விரித்தாள். அதில் மூன்று வழிகள் எழுதப்பட்டிருந்தன.

முதல் வழி கணவருடையது. பர்மிங்காமில் கட்டணமின்றிக் கற்பிக்கும் கிராமர் பள்ளிகள் சில உண்டு. தொடக்கப் பள்ளியின் இறுதி ஆண்டு தொடங்கும் செப்டம்பரில் நடைபெறும் நுழைவுத் தேர்வில் சிறந்தவர்களுக்கே அவற்றில் இடம். அப்பள்ளிகளுக்கு அருகில் வீடெடுத்து, பையனை அத்தேர்வுக்கு ஆயத்தம் செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இரண்டாவது, மருத்துவமனைக்கு அருகிலேயே ஒரு சிறு வீடு, அண்மையில் ஆலயம், ஆலயத்தை அடுத்துக் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி.

மூன்றாவது வழி என் தங்கையுடையது. "அண்ணா, சின்னவளை அவர்கள் அழைத்துப் போகட்டும். பையன் இரண்டாண்டு இங்கேயே விடுதிப் பள்ளியில் படிக்கட்டும். விடுமுறைக்கு என்னிடம் வருவான். அவர்கள் அங்கே காலூன்றிய பிறகு அழைத்துக்கொள்ளட்டுமே" என்றாள். அவள் கூறியதில் அன்பு இருந்தது, சிக்கனமும் இருந்தது. எனினும் பையன் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

இம்மண்ணுக்கு வந்தவர்களின் கதை

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குடும்பத்தோடு கடல் கடப்பவர்கள் பிள்ளைகளின் படிப்பை எண்ணிக் கலங்குவது புதிதன்று. இந்த வேலூர் வட்டாரத்திற்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் இதே கலக்கத்தை அனுபவித்தவர்களே.

வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தவர். தந்தையார் அமெரிக்க மறைப்பணி மருத்துவர். பெற்றோர் இந்தியாவிற்குத் திரும்பிப் பணியாற்ற, சிறுமி ஐடா படிப்பிற்காக அமெரிக்காவிலேயே விடப்பட்டார். பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த்ஃபீல்டு பள்ளியில் பயின்றார். 1890-இல் நோயுற்ற தாயைக் காணத் திண்டிவனம் வந்த பிறகே அவரது வாழ்வு திசை மாறியது. 1900-இல் மருத்துவராக வேலூரில் பணி தொடங்கினார். 1909-இல் அங்கே செவிலியர் பயிற்சியும் தொடங்கிற்று. என் மருமகள் அணியும் வெள்ளுடை அந்தப் பயிற்சியின் தொடர்ச்சியே.

மற்றொருவர், தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திப் புகழ்பெற்ற மருத்துவர் பால் பிராண்ட். இவர் 1914-இல் நமது கொல்லிமலையில் பிறந்தவர். 1923-இல், ஒன்பதாம் வயதில், தங்கையோடு இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் படிப்பிற்காக விடப்பட்டார். தந்தை மலைக்குத் திரும்பினார். 1929-இல் தந்தை காய்ச்சலால் இறந்தார் என்று தந்தி வந்தது. அதற்கு முன்பே அவர் எழுதி அனுப்பிய கடிதங்கள், கப்பலில் மெதுவாக வந்து, தந்திக்குப் பின்னரும் மகன் கைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தன. ஒன்பது வயதில் பிரிந்த தந்தையின் முகத்தை அவர் மறுபடியும் பார்க்கவே இல்லை. 1946-இல் வேலூருக்கு வந்து, இருபது ஆண்டுகள் நம் மக்களுக்கு உழைத்தார்.

அக்காலத்துப் பெற்றோரை நாம் குறை கூற வேண்டா. கடற்பயணம் வாரக்கணக்கில் நீண்டது; மலேரியா கொடியது; மலையில் பள்ளி இல்லை. பிள்ளைகளைக் கடலுக்கு அப்பால் விட மனமில்லாத அமெரிக்கக் குடும்பங்கள் 1901-இல் கொடைக்கானலில் தங்கள் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கின. பிரிவின் தூரத்தை மலைவரையேனும் குறைத்துக்கொள்ள அவர்கள் கண்ட வழி அது.

நமது பிரிந்த சகோதரர்களாகிய இப்பெரியோர் வேறு வழியின்றிச் சுமந்த சிலுவையை, வேறு வழி இருக்கும்போது நாம் ஏன் ஒரு குழந்தையின் தோளில் ஏற்ற வேண்டும்?

அங்கே வீடுதான் பள்ளியைத் தீர்மானிக்கிறது

ஞாயிறு திருப்பலிக்குப் பின் எல்லாரும் அமர்ந்து பேசினோம். மாப்பிள்ளையும் ஆம்பூரிலிருந்து வந்திருந்தார். நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை எடுத்துரைத்தேன். வெளிநாடு செல்லும் பிற குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் முதலில் பள்ளியைத் தேர்கிறோம். பிறகு வண்டியைத் தேடுகிறோம். தூரத்திற்கு வாடகை கொடுத்தால் போதும். இங்கிலாந்தின் அரசு உதவி பெறும் பள்ளிகளில் முறை வேறு. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால், உடன்பிறந்தோர் அங்கே படிக்கிறார்களா, வீட்டிற்கும் பள்ளிக்கும் தூரம் எவ்வளவு என்பன போன்ற விதிகளின்படியே இடம் கிடைக்கும். ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே பாதி பள்ளியைத் தேர்ந்துவிடுகிறோம்.

ஒவ்வோராண்டும் தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15-க்குள்ளும், உயர்நிலைப் பள்ளிக்கு முந்திய அக்டோபர் 31-க்குள்ளும் உள்ளாட்சி மன்றத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இடையில் வந்து சேர்பவர்களுக்கு, எந்தப் பள்ளியில் இடம் காலியோ அங்கேதான் வாய்ப்பு. ஐந்து முதல் ஏழு வயதுவரையுள்ள பிள்ளைகளின் வகுப்பில் முப்பது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்பது அங்கே சட்டம். எனவே வீட்டை முடிவு செய்யுமுன், பள்ளிக்கோ மன்றத்திற்கோ தொலைபேசியில் பேசி, இரு பிள்ளைகளுக்கும் ஒரே பள்ளியில் இடம் உண்டா என்று கேட்டறிதல் நலம். வகுப்பும் வயதைக் கொண்டே அமையும். இங்கே பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டன்று.

கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1852-இல் ஆஸ்காட்டில் கூடிய இங்கிலாந்து ஆயர்கள், ஆலயம் கட்டுவதற்கு முன்னரே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டுங்கள் என்று பங்குகளை வற்புறுத்தினர். புனித நியூமன் பர்மிங்காமின் எட்ஜ்பாஸ்டன் பகுதியில் 1859-இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்று இங்கிலாந்தின் பள்ளிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று கத்தோலிக்கப் பள்ளி. அவற்றுள் பெரும்பாலானவற்றின் செலவை அரசே ஏற்பதால், பெற்றோர் படிப்புக் கட்டணம் செலுத்துவதில்லை. இடம் போதாதபோது திருமுழுக்குப் பெற்ற பிள்ளைகளுக்கு அப்பள்ளிகள் முன்னுரிமை தரலாம். சில பள்ளிகள் அங்குள்ள பங்குத் தந்தையின் சான்றையும் கேட்கும். சென்றவுடன் பங்கில் முகம் காட்டாத குடும்பத்திற்கு அவர் எவ்வாறு சான்று தருவார்?

எல்லா நாடுகளிலும் நிலைமை ஒன்றன்று. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், தமிழர் மிகுந்து வாழும் ஸ்கார்பரோ உட்பட, கத்தோலிக்கப் பள்ளிகள் பொது நிதியிலேயே நடக்கின்றன. அயர்லாந்தில் தொடக்கப் பள்ளிகளுள் மிகப் பெரும்பான்மை கத்தோலிக்கப் பள்ளிகளாயினும், 2018-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் அவை திருமுழுக்கைக் காட்டி முன்னுரிமை தர இயலாது. ஆஸ்திரேலியாவிலோ கத்தோலிக்கப் பள்ளிகளில் கட்டணம் உண்டு. சில மாநிலங்களில் தற்காலிக விசாவில் வந்தவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளிலும் கட்டணம் செலுத்த நேரிடும். ஆகவே ஒரு நாட்டிற்குச் சென்ற நண்பரின் அறிவுரையை மற்றொரு நாட்டிற்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

பெட்டியில் முதலில் வைக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், திருமுழுக்குச் சான்றிதழ், புதுநன்மை பெற்றிருந்தால் அதற்கான சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, நம் பங்குத் தந்தையின் கடிதம். ஊறுகாய்ப் புட்டிகள் பிறகு.

மாப்பிள்ளையின் கேள்வி

மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டார். பின்னர் சொன்னார்: "மாமா, நான் பத்தாவதோடு நின்றவன். சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று நின்று மேற்பார்வையாளன் ஆனேன். என் மகன் நல்ல பள்ளியில் படிக்க வேண்டும் என்பது தவறா?"

அக்கேள்வியில் இருந்த வலி என்னைச் சுட்டது. "தவறே இல்லை, மாப்பிள்ளை" என்றேன். "ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பள்ளிகளுக்கு அருகில் வாடகை உயர்வு என்கிறீர்கள். அதற்காக நீங்கள் இரவு வேலையும் செய்ய வேண்டிவரும். இவளோ ஒரு மணி நேரம் பேருந்தில் மருத்துவமனைக்குச் சென்று வர வேண்டும். காலையில் பிள்ளைகளை எழுப்புவது யார்? மாலையில் கதவைத் திறப்பது யார்? இத்தனை ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தந்தையாக இருந்தீர்கள். அங்கே சென்றும் அப்படியேவா?"

அவர் தலை குனிந்தார். பையன் அவர் அருகில் சென்று அமர்ந்தான்.

பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தனது 1965-ஆம் ஆண்டு அறிக்கையில் கற்பித்தது. முதல் ஆசிரியர் வீட்டில் இல்லையெனில், இரண்டாம் ஆசிரியர் எவ்வளவு சிறந்தவராயினும் என்ன பயன்? மேலும் கிராமர் பள்ளித் தேர்வை வேறு பகுதியில் வாழும் பிள்ளைகளும் எழுதலாம். பையன் விரும்பினால் எழுதட்டும். அந்த ஒரு தேர்விற்காகக் குடும்பத்தின் மாலைப் பொழுதுகளை எல்லாம் அடகு வைக்க வேண்டா என்பதே என் கருத்து.

இறுதியில் இரண்டாம் வழியே முடிவாயிற்று. மருத்துவமனையிலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் வீடு. வீட்டிலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்தில் ஆலயமும் பள்ளியும். முதல் ஆறு மாதத்திற்கு மட்டும் ஒப்பந்தம். ஊரைக் கண்ணால் பார்த்தபின் மற்றவை. நால்வரும் சேர்ந்தே செல்கிறார்கள்.

தங்கை ஒன்றும் பேசாமல் உள்ளே சென்றாள். சிறிது நேரம் கழித்து நானும் சென்றேன். சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, பையனுக்காகச் சொன்னேன் என்றுதான் நானும் நினைத்தேன். எனக்காகச் சொல்லியிருக்கிறேன்" என்றாள். அவளுக்கு ஆறுதல் கூற என்னிடம் வார்த்தை இல்லை. பிள்ளைகள் பெற்றோரோடு இருப்பதற்கான விலையை இவ்வீட்டில் ஒரு பாட்டி கொடுக்கிறாள். இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. நாள்தோறும் இரவு குடும்பச் செபத்தைத் தொலைபேசி வழியே அவளோடு சேர்ந்து சொல்வதாகப் பேரன் வாக்களித்திருக்கிறான். இங்கிலாந்தின் நேரம் நமக்கு நாலரை அல்லது ஐந்தரை மணி பிந்தியது. அங்கே பள்ளி விட்டு அவன் வீடு திரும்பும் வேளை, இங்கே பாட்டி செபமாலையைக் கையில் எடுக்கும் வேளை. நேரமும் பொருந்தியே இருக்கிறது!

நமது வேலூர் மறைமாவட்டம் உருவான 1952-ஆம் ஆண்டிலேதான், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் குடிபெயர்ந்தோரைப் பற்றிய தமது போதனையை வெளியிட்டார். எகிப்துக்குச் சென்ற திருக்குடும்பமே நாடு விட்டு நாடு செல்லும் எல்லாக் குடும்பங்களுக்கும் முன்மாதிரி என்று அதில் காட்டினார். அந்நிய நாட்டில் புனித சூசையப்பர் எந்தத் தெருவில் வீடு பார்த்தார் என்று நற்செய்தி கூறவில்லை. ஆனால் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு சென்றார் என்று கூறுகிறது. நமக்கு அது போதும்.

திங்கள் காலை பேருந்துக்காகக் கணியம்பாடிச் சாலையில் நின்றேன். மஞ்சள் வண்டிகள் மறுபடியும் வந்தன. வெள்ளியன்று பார்த்த அதே சிறுமி, வண்டியின் சன்னல் வழியே பாட்டிக்குக் கையசைத்தாள். மாலையில் திரும்பி வந்துவிடுவாள்.