வெற்றறை

சென்ற ஆண்டுத் தேர்வுக் காலத்திலே நமது கல்லூரிக் கணினிக் கூடத்தில் நான் செய்த பிழையொன்றை இவண் எழுதத் துணிகின்றேன். மறுநாட்காலை செய்முறைத் தேர்வு. 24 யந்திரங்களிலும் லினக்ஸை நிறுவும் பொறுப்பை ஆசிரியர் என்னிடம் ஒப்புவித்திருந்தார். ஒரு யந்திரத்தைச் செவ்வனே அமைத்து, அதனை ‘டார்’ கொண்டு ஒரே பொதியாகக் கட்டி, மற்றவற்றில் அவிழ்த்தேன். கர்னலையும் நானே தொகுத்து, இனிட்ராம்எஃப்எஸ் என்னும் இடைத்துணை வேண்டாவென்று நீக்கியிருந்தேன். அதிலே எனக்குச் சிறிது கர்வமும் உண்டு.

யந்திரங்களை எழுப்பினேன். ‘டெவ்டிஎம்பிஎஃப்எஸ்: எரர் மவுண்டிங் -2’ என்றொரு வரி தோன்றிற்று. அதன்பின் யாதொரு அசைவுமில்லை. வட்டின்மீது ஐயுற்றேன், பொதியை மீண்டும் அவிழ்த்தேன், நள்ளிரவாயிற்று. பின்னரே பென் டிரைவினால் ஒன்றை எழுப்பி அதன் வட்டைத் திறந்து நோக்கினேன். ‘டெவ்’ என்னும் அடைவையே காணோம்!

லினக்ஸில் வட்டு, விசைப்பலகை, திரை யாவும் அவ்வடைவினுள்ளே கோப்புகளாய்த் தோன்றும். அக்கோப்புகளில் உள்ளீடு கிடையாது. இன்ன சாதனமென்று கர்னலுக்கு உணர்த்தும் இரண்டு எண்களே உண்டு. ‘கன்சோல்’ என்பதற்கு 5, 1. ‘நல்’ என்பதற்கு 1, 3.

மூத்த மாணவரொருவர் விட்டுச்சென்ற பழைய குறிப்பேடு கூடத்தில் இருந்தது. அதிற் கண்டவாறு அடைவைப் படைத்து, ‘எம்கேநாட்’ கட்டளையால் அவ்விரு கோப்புகளையும் ஆக்கினேன். யந்திரம் எழுந்தது. எனக்குண்டான மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ! இரண்டாவது யந்திரத்தில், தூக்கக் கலக்கத்தால், அடைவை மட்டும் படைத்துவிட்டுக் கோப்புகளை மறந்தேன். அதுவும் எழுந்தது!

அப்பொழுதுதான் உண்மை புலனாயிற்று. அக்குறிப்பு 2009-க்கு முற்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த 2.6.32-ஆம் கர்னல் முதல், சாதனக் கோப்புகளைக் கர்னலே நினைவகத்தில் ஆக்கி, ‘டெவ்’ அடைவின்மேல் ஏற்றும் வழி உண்டாயிற்று. என் கர்னலும் அவ்வாறே அமைந்திருந்தது. அதற்கு வேண்டியது ஏற்றுதற்குரிய ஒரு வெற்றிடமே. -2 என்பதற்கும் ‘அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை’ என்பதே பொருள். வேர் அடைவு வாசிப்பிற்கு மட்டும் திறந்திருக்கும் அவ்வேளையில் அதனைப் புதிதாகப் படைக்கவும் வகையில்லை.

அடைவு எங்ஙனம் மறைந்தது? பொதி கட்டுங்கால் விலக்க வேண்டியவற்றுள் ‘ப்ராக்’, ‘சிஸ்’ இரண்டிற்கும் பின்னே சாய்கோடும் நட்சத்திரக் குறியும் இட்டேன். ஆகவே உள்ளிருப்பவை நீங்கி அடைவுகள் தங்கின. ‘டெவ்’ என்பதற்கு மட்டும் அவற்றை இடாது விட்டேன். அறையிலுள்ள பொருள்களை விலக்கப் புகுந்து அறையையே விலக்கிவிட்டேன்.

எஞ்சிய யந்திரங்களுக்கு ஒவ்வொன்றாக அவ்வெற்றறையைக் கட்டிக்கொண்டே போனேன். கடைசி யந்திரம் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டபொழுது சிற்றாலய மணி ஒலித்தது. ஆசிரியர் வந்து, “எல்லாம் ஆயிற்றா, தம்பி?” என்றார். “ஆயிற்று, ஐயா” என்றேன். நட்சத்திரக் குறியைப் பற்றி அன்று அவரிடம் நான் சொல்லவில்லை.