முதல் தொலைநோக்கி

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வடக்கே வந்து வாழும் நமக்கு, ஊரிலிருந்து உடன் வந்தவை மிகச் சில. மொழி வந்தது, சமையல் ஓரளவு வந்தது, வானமும் வந்தது. ஆயினும், வானங்கூட முற்றும் மாறாமல் வந்துவிடவில்லை. திருநெல்வேலியில் அடிவானத்திற்கு மேல் 9 பாகை உயரத்தில், பனைமரங்களுக்குப் பின்னே மறைந்து நிற்கும் துருவ மீன், மும்பையில் 19 பாகை உயரத்திலும், தில்லியில் 28 பாகைக்கு மேலும் நிற்கிறது. தென்வானத்து அகத்திய மீனோ, நாம் வடக்கே வர வரத் தாழ்ந்துகொண்டே போகிறது. நெல்லையில் 28 பாகை வரை எழும் அது, தில்லியில் ஏறத்தாழ 9 பாகை அளவே எழுகிறது. நாம் ஊரை விட்டு எவ்வளவு தொலைவு வந்திருக்கிறோம் என்பதை இவ்விரு மீன்களும் இரவுதோறும் அளந்து காட்டுகின்றன.

இதைக் காண ஒரு கருவியும் வேண்டியதில்லை. ஆனால் நம் பிள்ளைகள் கேட்பது கருவியைத்தான். பள்ளியில் சனிக்கோளின் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டிற்கு வரும் குழந்தை, "ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்கிறது. டோம்பிவிலியில் எங்கள் வீட்டிலும் பதினொரு வயது மகள் அவ்வாறே கேட்டாள். நான் ஒதுக்கக்கூடிய தொகை 20,000 ரூபாய். அது நாங்கள் மூவரும் ஒருமுறை ஊருக்குப் போய்வரும் செலவுக்கு நிகரானது. வீட்டு வாடகையும், ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சுவதில் இத்தகைய பொருளை இரண்டாம் முறை வாங்குவது நடவாத காரியம். ஆகவே வாங்குவதற்கு முன் தீர விசாரிப்பது என்று முடிவு செய்தேன். அந்த விசாரணையில் தெரிந்துகொண்டவற்றை நம் அன்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விசாரிக்கத் தூண்டிய காரணம் வேறொன்றும் உண்டு. எங்கள் எதிர்வீட்டில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய தந்தையார் ஓராண்டுக்கு முன் அவனுக்கு ஒரு தொலைநோக்கி வாங்கித் தந்தார். பெட்டியின் மேல் வண்ணப் படங்களுடன் "525 மடங்கு" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. ஒரு மாதத்திற்குள் அது பரணுக்குப் போய்விட்டது. ஏன் என்று கேட்டேன். "எனக்குப் பார்க்கத் தெரியவில்லை, மாமா" என்றான் பையன். கருவியின்மேல் அவன் குறை சொல்லவில்லை, தன்மேலேயே சொல்லிக்கொண்டான். பணம் போனால் மெல்லச் சேர்த்துக்கொள்ளலாம். 'இந்த அறிவு எனக்கு எட்டாது' என்ற எண்ணம் ஒரு சிறுவன் மனத்தில் வேரூன்றிவிட்டால், அதைப் பிடுங்குவது எளிதன்று.

அந்த 525 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். தொலைநோக்கியில் இரண்டு முக்கிய உறுப்புகள் உண்டு. முன்புறத்தில் ஒளியைத் திரட்டும் பெரிய வில்லை அல்லது ஆடி ஒன்று. நாம் கண் வைத்துப் பார்க்கும் இடத்தில், கழற்றி மாற்றக்கூடிய சிறிய கண்ணருகு வில்லை மற்றொன்று. முன்னதன் குவியத் தூரத்தைப் பின்னதன் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதே உருப்பெருக்கம். பையனுடைய கருவியின் குவியத் தூரம் 700 மில்லிமீட்டர். கண்ணருகு வில்லை 4 மில்லிமீட்டர். வகுத்தால் 175. உருவத்தை மேலும் மும்மடங்காக்கும் பார்லோ வில்லை ஒன்றையும் பெட்டியில் போட்டிருந்தார்கள். 175-ஐ மூன்றால் பெருக்கினால் 525. கணக்கில் பொய் இல்லை, காட்சியில்தான் பொய்.

எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கலாம். ஆனால் பெருக்குவதற்கு முதலில் ஒளி வேண்டும். ஒரு படி மாவைக் கொண்டு ஊருக்கெல்லாம் தோசை வார்க்க முற்பட்டால், தோசை மெலிந்து கிழியுமேயன்றி மாவு பெருகாது. அதுபோல, குறைந்த ஒளியைப் பெரிய உருவமாகப் பரப்பினால் உருவம் மங்கிக் கலங்கும். முன்வாயின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப்போல் இரு மடங்கு உருப்பெருக்கமே ஒரு கருவி பயனுறத் தாங்கக்கூடிய எல்லை என்பது வான்நோக்குவோர் பின்பற்றும் பொது விதி. பையனுடைய கருவியின் வாய் 60 மில்லிமீட்டர். எனவே அதன் எல்லை 120 மடங்கு. அதற்கு மேற்பட்டதெல்லாம் பெட்டிக்கு அழகு, கண்ணுக்குப் பயனில்லை.

ஆதலால், கடைக்காரரிடம் "எத்தனை மடங்கு?" என்று கேளாதீர்கள், "வாய் எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேளுங்கள். இருளில் நன்கு விரிந்த நம் கண்மணியின் துளை சுமார் 7 மில்லிமீட்டர். 70 மில்லிமீட்டர் வாயுள்ள தொலைநோக்கி அதைவிடப் பத்து மடங்கு அகலம். பரப்பிலோ நூறு மடங்கு. அதாவது வெறுங்கண் பெறுவதைப்போல் நூறு மடங்கு ஒளி அதற்குள் நுழைகிறது. வானியல் அறிஞர்களும் தங்கள் கருவிகளை இவ்வாறுதான் குறிப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் காவலூரில் 1986-இல் தொடங்கி வைக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியை, 2.3 மீட்டர் தொலைநோக்கி என்றே சொல்வார்கள். அது அதன் ஆடியின் விட்டம். அது எத்தனை மடங்கு பெருக்கும் என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

வாய்க்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது கால். மெல்லிய குழாய்களால் ஆன முக்காலித் தாங்கியின் மேல் எவ்வளவு நல்ல குழலை வைத்தாலும், கை பட்டவுடன் நிலவு துள்ளும். காற்று வீசினால் ஆடும். மேலும், பூமி சுழல்வதால் வானத்துப் பொருள்கள் கருவியின் பார்வைப் பரப்பை விட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். 525 மடங்கில் ஒரு மீன் அரை நிமிடங்கூடக் கண்ணுக்குள் தங்காது. அதைத் தேடிப் பிடிப்பதற்குள் தாங்கி ஆடும். ஆட்டம் அடங்குவதற்குள் மீன் போய்விடும். எதிர்வீட்டுப் பையனுக்கு நேர்ந்தது இதுவே.

இவ்வளவும் தெரிந்தபின், அவனுடைய கருவியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன். பார்லோ வில்லையையும் 4 மில்லிமீட்டர் வில்லையையும் எடுத்து வைத்துவிட்டு, பெட்டியிலேயே பயன்படாமல் கிடந்த 20 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தினோம். உருப்பெருக்கம் 35 மடங்காயிற்று. தாங்கியின் கால்களை முழுதும் மடக்கி, மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்து, அதிலிருந்து ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். ஆட்டம் பெரிதும் அடங்கியது. முதலில் நிலவு, பிறகு வியாழன். வியாழனுக்கு இருபுறமும் ஒரே கோட்டில் நான்கு ஒளிப்புள்ளிகள். 1610-ஆம் ஆண்டு ஜனவரியில் கலிலியோ கண்ட அதே நான்கு துணைக்கோள்கள். அவருடைய கருவி பெருக்கியது ஏறத்தாழ 20 மடங்குதான் என்று சொன்னேன். பையன் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தபின், "நாளைக்கும் பார்க்கலாமா, மாமா?" என்று மட்டும் கேட்டான்.

எங்கள் வீட்டிற்கு என்ன வாங்குவது என்ற கேள்வி அப்பொழுதும் எஞ்சியிருந்தது. அறிந்தவர்கள் சொன்ன முதல் ஆலோசனை, வாங்குமுன் பாருங்கள் என்பது. மும்பைப் பக்கத்தில் ககோல் மண்டல் என்ற ஆர்வலர் குழுவினர், கர்ஜத் வழியில் உள்ள வாங்கணியில் இரவு முழுதும் வான்காட்சி நிகழ்ச்சிகள் நடத்தி வந்திருக்கிறார்கள். புனேயில் 1944-இல் தொடங்கிய ஜோதிர்வித்யா பரிசம்ஸ்தா இருக்கிறது. பெரும்பாலான நகரங்களில் இத்தகைய குழுக்கள் உண்டு. பல கருவிகளில் கண் வைத்துப் பார்க்கவும், அவற்றைத் தூக்கிப் பார்க்கவும் அங்கே வாய்ப்புக் கிடைக்கும். மகளை அழைத்துக்கொண்டு நாங்களும் அத்தகைய இரவு ஒன்றிற்குச் சென்று வந்தோம்.

இரண்டாவது ஆலோசனை, முதலில் பைனாகுலர் வாங்குங்கள் என்பது. 10 × 50 என்று எழுதியிருந்தால் பத்து மடங்கு பெருக்கமும் 50 மில்லிமீட்டர் வாயும் உடையது என்று பொருள். எங்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அதற்குச் செலவாயிற்று. ஓராண்டு முழுதும் அதையே பயன்படுத்தினோம். மார்கழி இரவில், வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகை மீன்கள், அதில் பல பத்துகளாகப் பெருகித் தெரிந்தன. இதனால் விளைந்த பெரிய நன்மை, மகளுக்கு வானத்தில் வழி தெரிந்தது. ரோகிணி எது, திருவாதிரை எது என்று தெரியாத பிள்ளையிடம் தொலைநோக்கியைத் தருவது, தெருப்பெயர் தெரியாதவனிடம் வண்டியைத் தருவது போன்றதே.

மறு ஆண்டு, எஞ்சிய பணத்துடன் சிறிது சேர்த்து, 114 மில்லிமீட்டர் ஆடியுள்ள சிறிய தொலைநோக்கி ஒன்றை வாங்கினோம். அது மேசையின் மேல் வைத்து, பெட்டியோடு பிடித்துத் திருப்பும் வகை. இவ்வெளிய அமைப்பைப் பரப்பியவர் ஜான் டாப்சன் (1915–2014). வேதாந்தத் துறவியாக இருந்தபோதே, கழித்துப்போட்ட கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, மரப்பெட்டியில் பொருத்தி, தெருவோரத்தில் நிறுத்திப் போவோர் வருவோரையெல்லாம் பார்க்கச் செய்தவர் அவர். திருகும் பற்சக்கரமும் இல்லாததால் இவ்வமைப்பு விலை குறைவு, ஆட்டமும் குறைவு. பையனுடைய கருவியைவிட மூன்றரை மடங்கு ஒளியைத் திரட்டும் எங்கள் கருவி, அதனுடன் வந்த வில்லைகளைக் கொண்டு பெருக்குவது 18 மடங்கும் 45 மடங்குமே. ஆடிகளின் நேர்நிலையை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்பது ஒன்றே இதில் சிறு தொல்லை. அத்தொல்லை வேண்டாம் என்பவர்கள், உறுதியான தாங்கியுடன் கூடிய 70 மில்லிமீட்டர் வில்லைத் தொலைநோக்கியை வாங்கலாம்.

கருவியின் எடையையும் மறக்கலாகாது. எங்கள் கட்டிடத்தில் மின்தூக்கி இல்லை. நான்கு மாடி ஏறி, செயலாளரிடம் சாவி வாங்கி, மொட்டை மாடியைத் திறக்க வேண்டும். மகள் தானே தூக்கிச் செல்லக்கூடியதாக இருப்பதால்தான் வாரத்தில் இரண்டு நாளேனும் அது வெளியே வருகிறது.

எதைக் காணலாம், எதைக் காண இயலாது என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுவது நலம். விண்வெளித் தொலைநோக்கிகள் எடுத்த வண்ணப் படங்களைப் போல ஒன்றும் தெரியாது. ஒளிமுகில்கள் சாம்பல் நிறப் புகையாகவே தோன்றும். அதற்கும் நகர வெளிச்சம் இல்லாத இடம் வேண்டும். ஆனால் நிலவையும் கோள்களையும் இரட்டை மீன்களையும் நகர வெளிச்சம் கெடுப்பதில்லை. சனிக்கோள் அரிசி மணியளவே தெரிந்தாலும் வளையம் தெரியும். 2025 மார்ச்சில் அவ்வளையம் நமக்கு விளிம்பு காட்டி நின்று மறைந்தாற்போல் ஆயிற்று. அதன்பின் ஆண்டுதோறும் அது அகன்று தோன்றும். வாங்கும் மாதத்தையும் கவனியுங்கள். மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகமே காட்சி. மழை ஓய்ந்தபின் வாங்குவது அறிவுடைமை. ஈரத்தால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்காதிருக்க, பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. தொலைநோக்கியாலோ பைனாகுலராலோ கதிரவனை ஒருபோதும் பார்க்கலாகாது. நொடியில் கண் போய்விடும். மலிவான சில கருவிகளுடன், கண்ணருகு வில்லையில் திருகிக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும். அது வெப்பத்தில் வெடிக்கக்கூடியது. அதை உடனே எறிந்துவிடுங்கள்.

சென்ற சித்திரையில் ஓரிரவு, வடக்கே ஏழு முனிவர் மண்டலத்தை மகளுக்குக் காட்டினேன். திருமணத்தில் மணமகளுக்குக் காட்டும் அருந்ததி, வசிட்ட மீனுக்கு அருகில் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரிவது. தொலைநோக்கியில் பார்த்த மகள், "அப்பா, வசிட்டரே இரண்டாக இருக்கிறாரே!" என்றாள். உண்மைதான், அது ஓர் இரட்டை மீன். அப்பொழுதே ஊரிலுள்ள தாத்தாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள். எழுபத்தெட்டு ஆண்டுகளாக அம்மீனைப் பார்த்து வந்தவர் அவர். "அப்படியா, தாயே! நீ வரும்போது அதையும் எடுத்து வா, நானும் பார்க்கிறேன்" என்றார். ஊருக்குப் போகும் பயணச் செலவுக்கு நிகரென்று நான் கணக்கிட்ட தொகை, அந்தப் பயணத்திற்கே ஒரு காரணமாயிற்று.

இறுதியாக, நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வானியல் ஆர்வலர்கள் 2008-இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். மேசைமேல் வைக்கும் 114 மில்லிமீட்டர் தொலைநோக்கிகளைப் பொது நூலகங்களுக்கு அளித்து, நூல்களைப் போலவே வீட்டிற்கு எடுத்துச் சென்று திருப்பித் தரச் செய்தார்கள். நம் சங்க நூலகத்திலும் அத்தகைய கருவி ஒன்று இருக்குமானால், வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் வானத்தைப் பார்ப்பார்கள். வாங்க விரும்புவோரும் பார்த்தறிந்து வாங்குவார்கள். பத்துக் குடும்பங்கள் ஆளுக்கு 2,000 ரூபாய் கொடுத்தால் போதும். முதல் பங்கை நான் தரச் சித்தமாயிருக்கிறேன். மாதம் ஒருமுறை, கருவியை எப்படிப் பிடிப்பது என்று சிறுவர்களுக்குக் கற்றுத் தரவும் ஒருவர் ஆயத்தமாக இருக்கிறார். அவர் எங்கள் எதிர்வீட்டுப் பையன்.