கம்பளிக்கு எந்த ஆடு?

திருநின்றவூரில் செம்மறி வளர்க்கும் அந்தப் பெண்ணுக்குப் பின்னல் வேலை கைவந்த கலை. நகையை அடகு வைத்து ஆடுகளைப் பெருக்கி, கம்பளிப் பொருள் செய்து விற்க நினைத்தார். பட்டியில் நிற்பதோ சென்னை சிவப்பு. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்து நாட்டு இனம், கறிக்கானது. அதன் உடம்பில் குட்டை முடிதான், கம்பளி இல்லை. மென்மையான கம்பளி நீலகிரி ஆட்டில் உண்டு. மலைக்குளிரில் பழகிய அதை இந்த வெயிலுக்கு இறக்கினால் ஆடு வாடிப்போகும். சமவெளியில் வளரும் திருச்சி கருப்பின் கம்பளி முரடு; போர்வைக்கு ஆகும், குழந்தை ஸ்வெட்டருக்கு உறுத்தும்.

ஆகவே இரண்டையும் தனித்தனித் தொழிலாக வைத்துக்கொள்வதே நல்லது. ஆடு கறிக்கு, கிடை போட்டால் வயலுக்கு எரு. பின்னலுக்கு நூலை விலைக்கு வாங்கலாம். முதல் பத்துப் பொருளை விற்றுப் பார்த்து, நூல் செலவு போகக் கைக்கூலி தேறுகிறதா என்று கணக்கெழுத வேண்டும். அதுவரை நகை வீட்டிலேயே இருக்கட்டும்.