பாறைக்கு எதிரே, மதிலுக்கு உள்ளே

ஜூலை 31, வியாழன்

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் விடியும் முன்னே திருச்சியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. சத்திரம் பஸ் நிலையம் பக்கம் அறை. பையைப் போட்டுவிட்டு நேரே தெப்பக்குளம். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் வந்துவிட்டால் அப்புறம் இங்கே ஸ்டூல் போட முடியாது.

குளத்துக்கு மேற்கே உட்கார்ந்தால் மலைக்கோட்டைப் பாறை எதிரே. காலையில் சூரியன் அதற்குப் பின்னால் இருக்கிறது. 83 மீட்டர் உயரமும் ஒரே நிழல். பேனாவை எடுக்காமல் ஒரு கோட்டில் முடித்துவிடலாம், அவ்வளவு இணக்கமான பாறை. வண்ணத்துக்குத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. வெயில் ஏறியதும் அல்ட்ராமரைனில் பர்ன்ட் சியன்னாவைக் குழைத்து ஒரு சாம்பல். மழைத்தண்ணீர் வழிந்து கறுத்த தடங்களுக்கும் அதேதான், தண்ணீரைக் குறைத்து. ஆடிக் காற்றில் தாளில் ஈரம் நிற்கவில்லை. தூரிகையை எடுப்பதற்குள் ஓரம் காய்ந்து கோடாகிவிடுகிறது. நாலு மூலைக்கும் கிளிப் போட்டும் தாள் படபடத்தது.

பக்கத்தில் பூ விற்கும் அம்மாவுக்கு என்மேல் சந்தேகம்.

“ஏம்மா, அளக்க வந்திருக்கியா? கடைய எடுக்கச் சொல்லப் போறாங்களா?”

“இல்லக்கா, சும்மா படம் வரையறேன்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“சும்மா வரையறதுக்கா ரயிலேறி வந்தே?”

அரை மணி கழித்து எழுந்துவந்து எட்டிப் பார்த்தார். மலை இருக்கு, கொளம் இருக்கு, என் கடையக் காணோமே என்றார். நியாயம்தான். இடது ஓரத்தில் அவருடைய குடையையும் கூடையையும் போட்டதில் படத்துக்கும் ஒரு கனம் கிடைத்தது.

ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் இங்கே வந்தார்கள். ஊருக்குப் போய் அச்சில் கொண்டுவந்த படங்களில் ஒன்று, காவிரியிலிருந்து பார்த்த பாறை. 1874-இல் ஓவியர் எட்வர்ட் லியர் வந்தார். இடையில் 1858-இல் லின்னேயஸ் டிரைப் காமிராவோடு வந்துபோனார். தூர நின்று பார்த்தாலே முழுதாகக் கிடைத்துவிடுகிற பாறை. வெளியூர்க்காரர்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. நானும் இன்று அதைத்தான் செய்தேன். நாளை ஏறிப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

படிகளுக்கு மேலே கூரை இருப்பதால் ஏறும்போது மலையே தெரிவதில்லை. இரண்டு பக்கமும் காவியும் வெள்ளையும் பட்டை அடித்த சுவர், அவ்வளவுதான். தாயுமானவரைச் சேவித்துவிட்டு மேலே போனால், உச்சிக்குப் போகும் வழியில் மகேந்திரவர்மனின் குடைவரை. ஏழாம் நூற்றாண்டு. லலிதாங்குர பல்லவேஸ்வர கிருகம் என்பது கல்வெட்டில் உள்ள பெயர். பிள்ளையாரைப் பார்க்கும் அவசரத்தில் முக்கால்வாசிப் பேர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறுகிறார்கள். எனக்கு வசதியாகப் போயிற்று.

மேற்குச் சுவரில் கங்காதரர். குடைவரை தெற்கே பார்த்துத் திறந்திருப்பதால் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது; புடைப்புச் சிற்பத்துக்கு இதைவிட நல்ல விளக்கு கிடையாது. தூக்கிய கையில் சடையின் ஒரு புரி, அதை நோக்கி இறங்கும் கங்கை சின்ன உருவமாக, கூப்பிய கையோடு. இறைவன் முகத்தில் கங்கையைத் தாங்குகிற சிரமம் துளியும் இல்லை. காலின் கீழே இருக்கும் பூதகணத்துக்குத்தான் எல்லாப் பாரமும். அந்த முழங்காலின் மடிப்பைப் பிடிக்கவே காலை போய்விட்டது. முகங்கள் தேய்ந்திருக்கின்றன, தேய்ந்ததைத் தேய்ந்தபடியே விட்டேன். மூக்கையும் உதட்டையும் நாமாகச் சேர்த்து வரைவது எனக்குப் பிடிக்காது.

பக்கத்துத் தூண் கல்வெட்டில் ஒரு குறும்பு இருக்கிறது. நதிகள்மேல் பிரியமுள்ள சிவன் காவிரியைப் பார்த்து மனம் மாறிவிடுவாரோ என்று பயந்து, பார்வதி இந்த மலையிலேயே தங்கிவிட்டாளாம். காவிரி பல்லவனின் மனைவி என்று சொல்லிக்கொண்டும் இருக்கிறாளாம். ஆட்சி எல்லையை இவ்வளவு நாசூக்காகச் சொன்ன அரசன் வேறு யாரும் உண்டா?

உச்சியில் காற்று தள்ளியது. வடக்கே காவிரி, தீவு, அப்பால் கொள்ளிடம். கோபுரங்களைச் சின்னக் கோடுகளாகக் குறித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மாலை திருவானைக்கா. ஆடி வெள்ளி என்பதை யோசிக்காமல் கிளம்பவில்லை, ஆனால் இவ்வளவு கூட்டம் இருக்குமென்று நினைக்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுக்கவே கை வரவில்லை. பார்த்தசாரதி விலாஸில் நெய் ரோஸ்ட், அறை, தூக்கம்.

ஆகஸ்ட் 2, சனி

ஸ்ரீரங்கத்தை வரைய நிற்கும் இடம் கிடையாது. ஏழு சுற்று மதில். வெளிச் சுற்றுகள் மூன்றில் வீடும் கடையும் பள்ளிக்கூடமும், உள்ளே கோயில். ஒரு மதிலைத் தாண்டினால் அடுத்த மதில்தான் எதிரே. எங்கே நின்றாலும் எதற்கோ உள்ளே நிற்கிறோம். ராஜகோபுரம் மட்டும் தெருவிலிருந்து முழுதாகத் தெரியும், 236 அடி. அதுவும் நம் காலத்தது. விஜயநகர காலத்தில் அடித்தளத்தோடு நின்று மொட்டைக் கோபுரமாகவே கிடந்ததை, அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் ஜீயர் முயற்சியில் 1987-இல்தான் கட்டி முடித்தார்கள். டேனியல் கண்ணுக்கோ லியர் கண்ணுக்கோ இது பட்டிருக்க வழியில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு இதைவிட வெள்ளைக் கோபுரம்தான் பிடிக்கும். வண்ணம் பூசாததால் நிழல் தானாக விழுகிறது.

தூரம் கிடைக்காத ஊரில் கிட்டே போக வேண்டியதுதான். அப்படி வரைந்தவர் சில்பி. ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து நகை, மடிப்பு, விரல் நகம் வரை போட்டவர். அவரை நினைத்துக்கொண்டு சேஷராயர் மண்டபத்தில் ஒரு குதிரைத் தூணை எடுத்தேன். பின்னங்காலில் எழும்பி நிற்கும் குதிரை, மேலே வீரன், கீழே பாயும் புலி, அதைக் குத்தும் ஆள். எல்லாம் ஒரே கல். கடிவாளத்தின் வார் எங்கே குதிரையை விட்டு வீரன் கைக்குப் போகிறது என்று கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆனது.

மத்தியானம் நடை சாத்திய நேரத்தில் சித்திரை வீதிகளில் நடந்தேன். சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளைப் படித்த எல்லோருக்கும் கீழச் சித்திரை வீதியில் ஒரு நடை பாக்கி இருக்கும், எனக்கும் இருந்தது. பாதி வீடுகள் அடுக்ககமாகிவிட்டன. உத்திர வீதியில் இரண்டு புதுக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு ஓட்டு வீடு. வாசலுக்கு மேல் சங்கு, சக்கரம், நடுவில் திருமண். திண்ணையில் ஒரு மாமி.

“தனியாவா வந்துருக்கே? ஆத்துக்காரர் வரலையா?”

“படம் வரைய வந்தேன் மாமி. அவருக்கு ஆபீஸ்.”

“கோபுரத்த எல்லாரும்தான் வரையறா. எங்காத்துத் திண்ணைய வரைஞ்சுக்கோ. ஆவணி பொறந்ததும் இடிக்கப் போறா.”

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சிவப்பு ஆக்சைடு போட்டு மெழுகின தரை, ஒரு ஓரத்தில் தலைவைக்கத் தோதாகச் சரிவு. விளக்கு மாடத்தில் பழைய கரி. சுவரில், உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில், நீளமாக ஒரு எண்ணெய்க் கறை. எத்தனை தலைகள் சாய்ந்ததோ! ஒரு இடத்தில் மட்டும் அது கீழே இறங்கியிருந்தது. அங்கே குழந்தைகள் சாய்ந்திருக்கிறார்கள். மாமி ரேழியிலிருந்து மோர் கொண்டுவந்தார். மரத்தூணில் முறுக்கிய கயிறு தேய்த்த பள்ளத்தைக் காட்டி, “பசுமாடு இருந்தது” என்றார். இடிப்பதில் அவருக்கு வருத்தம் எதுவும் தெரியவில்லை. “மழை வந்தா கூடத்துல பத்து பாத்திரம் வெக்கணும். நோக்கென்ன, வரைஞ்சுட்டுப் போயிடுவே.”

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

அம்மா மண்டபம். இருட்டு பிரியும் முன்பே படித்துறை நிறைந்துவிட்டது. புதுத் தண்ணீர், செம்பழுப்பு. கயிறு கட்டி, அதற்கு அப்பால் யாரையும் விடவில்லை. வாழையிலையில் காப்பரிசி, காதோலை கருகமணி, நாவல்பழம், மஞ்சள் பிள்ளையார். புதுப்பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள்.

பென்சிலுக்கு நேரமில்லை. பிரஷ் பேனாவால் முதுகுகளை மட்டும் போட்டேன். குனிகிற முதுகு, ஈரப் புடவையைப் பிழிகிற முதுகு, மாமியார் கழுத்தில் கயிறு கட்ட எம்பி நிற்கிற முதுகு. பக்கத்திலிருந்தவர் என் மணிக்கட்டிலும் ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிட்டு, “நீயும் ரெண்டு பருக்கை சாப்பிடு” என்று புளியோதரையை நீட்டினார். நோட்டில் நல்லெண்ணெய் ஒரு சொட்டு. எதிர்க்கரைக்கு மேலே மலைக்கோட்டை தெரிந்தது. டேனியல் ஆற்றிலிருந்து பார்த்த அதே பாறை. இன்றைய பக்கத்தில் அதற்கு இடமில்லை, போடவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

கிளம்புவதற்கு முன் திண்ணைப் படத்தை மாமியிடம் காட்டப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கறை, மாடம், தூண் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். “மூணாவது படி ஒடஞ்சிருக்குமே, அதையும் போட்டிருக்கியே!” என்று சிரித்தார். பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றேன். அதெல்லாம் வேண்டாம், புது ஆத்துல சட்டம் போட்டு மாட்டணும் என்றார். சரியென்று தெற்குச் சித்திரை வீதியில் ஒரு கடையில் கலர் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டையும் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். “இதுல செவப்பு சரியா விழலையே” என்று ஜெராக்ஸை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரிஜினலை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.